தட்டில் உட்கார்ந்திருக்கும் எண்ணெய் பாட்டில்

அம்மா வீட்டில் நல்லெண்ணெய் பாட்டில் அடுப்பு மேடையில் நேரடியாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அதற்கென்று ஒரு பழைய எவர்சில்வர் தட்டு இருக்கிறது, விளிம்பில் தாத்தா பெயரின் முதலெழுத்து வெட்டியது. தட்டில் நான்காக மடித்த செய்தித்தாள், அதன் மேல் பாட்டில். பாட்டில் கழுத்தில் பழைய வேட்டித் துணி ஒரு சுற்று. வாரத்துக்கு ஒருமுறை தாள் மாறும், துணி எப்போதாவது மாறும். தோசைக்கு எண்ணெய் விட்டு முடித்ததும் பாட்டில் வாயில் ஒரு சொட்டு தொங்கும். அம்மா அதை ஆள்காட்டி விரலால் வழித்து, பேச்சை நிறுத்தாமலே முழங்கையில் தேய்த்துக்கொள்வாள். எழுபத்தாறு வயதில் அந்த வலது முழங்கை மட்டும் பளபளவென்று இருக்கும்.

“ஊருக்கெல்லாம் மூடி செஞ்சு குடுக்குற. வீட்டு பாட்டில் ஒழுகுது. கேட்டா பெருசா டெக்னாலஜிங்கற.”

சொல்லிக் காட்ட அவளுக்கு உரிமை இருக்கிறது. நான் டை மேக்கர், பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் இரும்பு அச்சை வெட்டுகிறவன். கிண்டியில் பிளாஸ்டிக் தொழில் சொல்லிக்கொடுக்கும் சிப்பெட்டில் படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் சேர்ந்தவன், இருபத்தைந்து வருடமாக அங்கேயேதான் இருக்கிறேன். ஷாம்பு மூடி, சாஸ் மூடி, மருந்து பாட்டில் மூடி என்று நான் வெட்டிய டையில் விழுந்தவை எத்தனை கோடி இருக்கும் என்று கணக்கில்லை. கடையில் எந்த பாட்டிலை எடுத்தாலும் முதலில் மூடியைத் திருப்பி உள்ளே பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. வீட்டுக்காரி என்னுடன் சூப்பர் மார்க்கெட் வருவதை நிறுத்திவிட்டாள்.

இத்தனை வருடத்தில் ஊற்றுவதற்காக யாரும் என்னிடம் மூடி கேட்டு வந்ததில்லை. கவிழ்த்தால் தானாகவே ஊற்றும். நிறுத்துவதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

இந்தப் பாடத்தை சிப்பெட்டுக்கு முன்னாலேயே எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. விருதுநகரில் எண்ணெய்க் கடை வைத்திருந்தார். 15 கிலோ தகர டின்னை உடைக்கும்போது ஒரு மூலையில் பெரிய ஓட்டை போடுவார், எதிர் மூலையில் ஆணியை வைத்து ஒரே தட்டில் சின்ன ஓட்டை. அது எதற்கு என்று கேட்டேன். “அதுவும் மூச்சு விடணும்ல” என்றார். சின்ன ஓட்டை இல்லாவிட்டால் எண்ணெய் களக் களக் என்று விட்டுவிட்டு விழும். வெளியே போன எண்ணெயின் இடத்தை நிரப்பக் காற்று வேண்டும், அதற்கு வேறு வழியில்லாமல் எண்ணெய் வரும் வாய் வழியாகவே முட்டி மோதி உள்ளே போகும். அந்த முட்டலில்தான் புனலுக்கு வெளியே தெறிக்கும். ஆணி ஓட்டை இருந்தால் நூல் பிடித்தாற்போல விழும்.

காற்றே உள்ளே போக வேண்டாம், பாத்திரமே சுருங்கட்டும் என்று யோசித்தவர்களும் உண்டு. ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841-ல் ஓவிய வண்ணத்துக்காகப் பிதுக்கக்கூடிய வெள்ளீய டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். பற்பசை டியூபுக்கு வழி போட்டது அதுதான். 1955-ல் வில்லியம் ஷோல் பேட்டரி ஆசிடுக்காகப் பெட்டிக்குள் பை வைத்தார். அதே பையில்தான் பிற்பாடு ஒயின் வந்தது. ஆசிடுக்குச் செய்ததில் ஒயின்!

தாத்தாவிடம் இன்னொன்றும் பார்த்தேன். ஊற்றும்போது அவசரப்படமாட்டார், ஆனால் டின்னை நிமிர்த்தும்போது சட்டென்று நிமிர்த்துவார். மெதுவாக நிமிர்த்தும் பையன்களுக்குத் திட்டு விழும். “வழிய விடாதடா, அது லாபம்டா.” மெதுவாக நிமிர்த்தினால் எண்ணெய் வாயை விட்டு விழாமல் விளிம்பைச் சுற்றிக்கொண்டு டின்னின் வெளிப்பக்கமாக இறங்கும்.

டீ பாத்திரத்திலிருந்து டம்ளரில் ஊற்றும்போது டம்ளரை விட்டுவிட்டு மேடையில் ஓடுகிறதே, அதே கதைதான். இதற்குப் பெயரே ‘டீபாட் விளைவு’. மார்க்கஸ் ரெய்னர் 1956-ல் வைத்த பெயர். அதைக் கணக்குப் போட்டு விளக்கிய ஜோசப் கெல்லருக்கும் வாண்டன் புரூக்குக்கும் 1999-ல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள், சிரிக்கவைத்துவிட்டு அப்புறம் யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிக்குத் தருகிற பரிசு அது. கெல்லர் சொன்னது இதுதான்: விளிம்பைச் சுற்றி வளையும் இடத்தில் திரவத்துக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிடுகிறது, ஆகவே வெளிக்காற்றே திரவத்தைப் பாத்திரத்தோடு சேர்த்து அழுத்துகிறது. நாமெல்லாம் எண்ணெயின் பிசுபிசுப்பைத் திட்டிக்கொண்டிருக்கிறோம், தள்ளுவது காற்று. வேகமாக ஊற்றினால் திரவம் தப்பித்துப் பாய்ந்துவிடும். வேகம் குறையும் கடைசி நொடியில்தான் மாட்டிக்கொள்ளும். தாத்தாவின் சட்டென்ற நிமிர்த்தலுக்கு இதுதான் காரணம். எண்ணெய்க்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. தண்ணீர் பிளாஸ்டிக்கின் மேல் முத்து முத்தாக நிற்கும், எண்ணெய் அப்படியே படர்ந்துவிடும். ஒருமுறை விளிம்பின் வெளிப்பக்கம் நனைந்துவிட்டால் அடுத்த சொட்டுக்குப் பாதை தயார்.

சரி, மூடிக்கு வருவோம்.

எங்கள் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது பேசும் பெயர் பால் பிரவுன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மிட்லண்ட் என்ற ஊரில் சின்ன மோல்டிங் பட்டறை வைத்திருந்தவர். 1990-களின் தொடக்கத்தில் ஒரு ஷாம்பு கம்பெனிக்கு, தலைகீழாக நிற்கவேண்டிய பாட்டிலுக்கு ஒரு வால்வு தேவைப்பட்டது. அழுத்தினால் வரவேண்டும், விட்டால் நிற்கவேண்டும், ஒரு சொட்டு ஒழுகக்கூடாது. கடன் வாங்கிக்கொண்டே செய்து பார்த்தார். 111 மாதிரி தோற்றது, 112-வது வேலை செய்தது. ஷாம்புக்குப் போனது, குழந்தைகள் தண்ணீர் குடிக்கும் கப்புக்குப் போனது. பிறகு 2002-ல் ஹெய்ன்ஸ் தலைகீழ் கெட்சப் பாட்டிலைக் கொண்டுவந்ததும் உலகமே பார்த்தது. பிரவுன் அதற்கு முன்பே, 1995-ல், கம்பெனியைச் சுமார் 1.3 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்.

உங்கள் வீட்டு பிரிட்ஜில் தலைகீழாக நிற்கும் சாஸ் பாட்டில் இருந்தால் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். பத்துப் பைசா அளவில் ஒரு சிலிக்கோன் சவ்வு இருக்கும். கிண்ணம்போல உள்பக்கமாகக் குழிந்திருக்கும். நடுவில் கூட்டல் குறி மாதிரி ஒரு கீறல். பாட்டிலை அழுத்தினால் குழிந்த கிண்ணம் வெளிப்பக்கமாகக் கவிழும், நான்கு இதழும் விரியும், சாஸ் வரும். கையை எடுத்ததும் கிண்ணம் டப்பென்று பழையபடி உள்ளே குழியும். குழியும்போது வாயில் தொங்கும் சாஸையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: நிறுத்துவதோடு துடைத்தும் விடுகிறது, அம்மாவின் ஆள்காட்டி விரல் மாதிரி. பிறகு நசுங்கிய பாட்டில் உப்பும்போது அதே கீறல் உள்பக்கமாகத் திறந்து காற்றை விடும். தாத்தாவின் இரண்டு ஓட்டையையும் ஒரே கீறலில் வைத்துவிட்டார் மனுஷர்.

இதைச் செய்வது எங்கள் வழக்கமான வேலைக்கு நேர் தலைகீழ். பிளாஸ்டிக் என்றால் சூடாக உருக்கி, குளிர்ந்த டைக்குள் அடிப்போம், ஆறினால் இறுகும். திரவ சிலிக்கோன் இரண்டு பாகமாக வரும், அதைக் குளிர்ச்சியாகக் கலந்து 150 டிகிரிக்கு மேல் கொதிக்கும் டைக்குள் அடிக்கவேண்டும், சூட்டில்தான் இறுகும். தண்ணி மாதிரி ஓடும். பிளாஸ்டிக் எட்டிப் பார்க்காத இடுக்கில்கூட, சில மைக்ரான் இடைவெளி கிடைத்தாலும் நுழைந்து பிசிறு விடும். பிரவுனின் 111-ல் எத்தனை பிசிறால் போயிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மூன்று வருடம் முன்பு எனக்கு ஒரு ஆசை வந்தது. இதே வால்வை நல்லெண்ணெய் பாட்டிலுக்குப் போட்டால் என்ன? அம்மாவின் தட்டை ஒழித்துக்கட்டலாம். மருத்துவ சாமான் செய்யும் நண்பர் ஒருவர் அவர் மெஷின் சும்மா இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலிக்கோன் அடித்துக் கொடுத்தார். கீறலை நானே சர்ஜிக்கல் பிளேடால் போட்டேன். கீறலில் துளியும் சிலிக்கோன் போகக்கூடாது, வெட்டு மட்டும்தான் இருக்கவேண்டும். ஓட்டையாகிவிட்டால் ஒழுகும். முதல் ஆறு ஒழுகியது. அடுத்த ஐந்தில் அழுத்தினால் எண்ணெய் எதிர்ச்சுவர் வரைக்கும் பீய்ச்சியது. பன்னிரண்டாவது பிரமாதம்! ஆபீஸில் மேஜைமேல் பத்து நாள் தலைகீழாக நிற்கவைத்தேன், அடியில் வைத்த டிஷ்யூ தாள் வெள்ளையாகவே இருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் காட்டினேன். பெருமையாக அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு போன். “டேய், உன் பாட்டில் மூத்திரம் போயிருக்குடா.”

போய்ப் பார்த்தேன். மேடை முழுக்க எண்ணெய். தட்டை நானே எடுத்து உள்ளே வைத்திருந்தேன், அதனால் அடுப்படி வரை ஓடியிருந்தது. வால்வை எடுத்துப் பார்த்தால் குறை எதுவும் இல்லை. ஆபீஸுக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் ஒழுகவில்லை. இரண்டு நாள் மண்டை காய்ந்தது. மூன்றாவது நாள் அம்மா வீட்டிலேயே காலையிலிருந்து அந்த பாட்டிலுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஏழு மணி, ஒன்றுமில்லை. எட்டு மணிக்கு இட்லிப் பானை ஒரு அடுப்பில், சாம்பார் இன்னொன்றில். எட்டரைக்குக் கூட்டல் குறியில் ஒரு சின்ன மினுக்கம் தெரிந்தது. அது சொட்டாகி விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

ஆபீஸில் ஏ.சி. அம்மா வீட்டு மேடையில் அடுப்புக்கு ஒரு முழ தூரத்தில் பாட்டில். காலை 28 டிகிரி, சமையல் நடக்கும்போது அந்த இடத்தில் 45 காட்டியது தெர்மாமீட்டர். அரை லிட்டர் பாட்டிலில் பாதி காலி என்று வையுங்கள், உள்ளே கால் லிட்டர் காற்று. 17 டிகிரி ஏறினால் அந்தக் காற்று ஏறக்குறைய 14 மில்லி விரியப் பார்க்கும். பாட்டில் கொஞ்சம் உப்பித் தாங்கும், மீதி வால்வை முட்டும். தலைகீழாக நின்றால் முட்டுகிற இடத்தில் இருப்பது எண்ணெய். கிட்டத்தட்ட மூன்று டீஸ்பூன் வரை வெளியே போகலாம். கெட்சப்பில் ஏன் இந்த வம்பு இல்லை? கெட்சப் பாதி கெட்டிப்பொருள். நன்றாக அழுத்தும்வரை அசையாது, அசைந்தால் இளகும். வால்வு பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதியைச் செய்வது தக்காளி. போதாததற்கு அது பிரிட்ஜில் வேறு இருக்கும். எண்ணெய் அப்படி யாருக்கும் ஒத்தாசை செய்யாது. பன்னிரண்டு மாதிரி செய்தேனே தவிர, பாட்டில் எங்கே நிற்கப்போகிறது என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. இருபத்தைந்து வருட சர்வீஸ்!

அன்று திரும்பும் வழியில் கோலி சோடா குடித்தேன். அது ஹைராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை வாங்கிய பாட்டில். கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். கவிழ்த்துவைத்து கேஸை ஏற்றினால் கோலி வளையத்தில் விழுந்து உட்காரும், உள்ளே இருக்கும் கேஸே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வெயில் ஏற ஏற இன்னும் இறுக்கமாக மூடும். என் வால்வு சூட்டில் திறந்தது, இது சூட்டில் இறுகுகிறது. கழுத்தில் இரண்டு குழி கிள்ளியிருப்பார்களே, சாய்க்கும்போது கோலி உருண்டு வாயை அடைக்காமல் இருக்க அது. குழி இருக்கிற பக்கம் கீழே வருமாறு சாய்க்கவேண்டும். சின்ன வயதில் மாற்றிப் பிடித்து, “வரமாட்டேங்குது” என்று அழுதிருக்கிறேன்.

நம் ஊர் இந்தப் பிரச்சினைக்குக் கண்டுபிடித்த விடை வேறு மாதிரி. கடலூர் சின்னி கிருஷ்ணன் எதையும் சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்கலாம் என்று துணிந்தவர். அவர் மகன்கள் வெல்வெட், சிக் என்று ஷாம்பு பாக்கெட்டை ஊரெல்லாம் தொங்கவிட்டார்கள். சிக் 1983. டை மேக்கர் கண்ணில் பார்த்தால் அது வால்வே தேவையில்லாத பாத்திரம். கிழி, ஊற்று, தீர்ந்தது. நிறுத்தவேண்டிய அவசியமே வராது. எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்ட யோசனை என்று வேடிக்கையாகச் சொல்வேன். சாக்கடை அடைப்பில் அந்தப் பாக்கெட்டுகளைப் பார்க்கும்போது வேடிக்கை கொஞ்சம் குறையும்.

வால்வைக் கைவிட்டேன். பாட்டிலை நேராகவே நிறுத்தினேன். தாத்தா பக்கம் திரும்பினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றும் மூக்கின் விளிம்பைப் புனல் வாய் மாதிரி வெளியே விரித்து, கத்தி முனைபோலக் கூர்மையாக்கினால் எண்ணெய்க்குச் சுற்றிக்கொள்ள வளைவே கிடைக்காது, அறுந்து விழும். அப்படியும் தப்பி வழிந்தால் பிடிக்க மூக்கைச் சுற்றி ஒரு வாய்க்கால். வாய்க்கால் பின்பக்கமாகச் சரியும், அங்கே பாட்டிலுக்குள் போகும் ஒரு பிளவு. வழிந்தது அந்த வழியே உள்ளே போகும், ஊற்றும்போது காற்றும் அதே வழியே போகும். தாத்தாவின் ஆணி ஓட்டை! இதில் என் கண்டுபிடிப்பு என்று எதுவும் இல்லை, துணி துவைக்கும் திரவ பாட்டில்களில் ரொம்ப நாளாக இருக்கிறது. எண்ணெய்க்கு விளிம்பு கொண்டுவருவதுதான் பாடாய்ப் படுத்தியது.

முதல் டையில் விளிம்பு விழுகிற பள்ளத்தை, மின்பொறியால் இரும்பை அரித்தெடுக்கும் ஸ்பார்க் மெஷினில் எடுத்தோம். ஸ்பார்க்கில் செப்பு எலெக்ட்ரோடின் மூலைதான் முதலில் தேயும், அதனால் பள்ளத்தின் மூலை கொஞ்சம் உருண்டையாகவே வரும். கண்ணுக்குத் தெரியாது, லென்ஸில் தெரியும், எண்ணெய்க்கு நன்றாகத் தெரியும். வழிந்தது. சரி என்று அந்த இடத்தை இரண்டு துண்டாகப் பிரித்து, இரண்டையும் கிரைண்டிங்கில் பிடித்து, துண்டுகள் சேரும் கோட்டில் விளிம்பு வருமாறு செய்தேன். அற்புதமான கூர்மை. அப்புறம் பாலிஷுக்குப் போனது. எங்கள் பாலிஷ் அண்ணாச்சி தங்கமான மனிதர், கூர்மையான முனையைப் பார்த்தால் மட்டும் அவருக்குக் கை அரிக்கும். வைரப் பசையைத் தொட்டு, துண்டுகள் சேரும் ஓரத்தையும் ஆசையாக வழித்துவிட்டார். விளைவு, சேருமிடத்தில் மயிரிழை இடைவெளி, மூடி விளிம்பில் மயிரிழைப் பிசிறு. எண்ணெய் பிசிறைப் பிடித்துக்கொண்டு இறங்கியது.

“வழவழன்னு இருந்தாத்தான தம்பி அழகு?” என்றார் அண்ணாச்சி. அவரைக் கோபித்து என்ன செய்ய, முப்பது வருடமாக வழவழப்பாக்கச் சொல்லித்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். துண்டுகளை மறுபடி கிரைண்டிங் செய்து, அந்த ஓரத்தில் சிவப்பு மார்க்கரால் ‘தொடாதே’ என்று எழுதி அனுப்பினேன்.

அதில் விழுந்த மூடி இப்போது ஆறு மாதமாக அம்மா வீட்டில் இருக்கிறது. மெதுவாக நிமிர்த்தினாலும் வெளியே வழிவதில்லை. துணி போய்விட்டது. தட்டு மட்டும் போகவில்லை. “இருக்கட்டும்டா, பழகிப்போச்சு” என்கிறாள். எனக்குத் தட்டு வசதிதான். ஒவ்வொரு ஞாயிறும் போனதும் பாட்டிலைத் தூக்கி அடியில் இருக்கும் தாளைப் பார்ப்பேன். தாள் காய்ந்து கிடக்கும். நான் எதுவும் சொல்வதில்லை, அவளும் எதுவும் சொல்வதில்லை.

போன ஞாயிறு தூக்கிப் பார்த்தால் தாளில் வட்டமாக எண்ணெய்க் கறை. எனக்குப் பகீரென்றது. மூடியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். பிசிறு இல்லை, உடைசல் இல்லை.

“மூடிய எதுக்குடா நோண்டுற? அது நல்லாத்தான் இருக்கு. பாக்கெட்ட வெட்டி பாட்டில்ல ஊத்தும்போது கொட்டிருச்சு.”

ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட். மூலையை வெட்டிக் கையில் பிடித்தால் கொழகொழவென்று சரியும், எங்கே அழுத்தினாலும் எங்கேயோ பீய்ச்சும். காலிப் பாக்கெட்டை அம்மா ஒரு டம்ளர் மேல் கவிழ்த்து வைத்திருந்தாள், கடைசிச் சொட்டு இறங்கட்டும் என்று. அதை எடுத்து வெட்டிய மூலையைப் பார்த்தேன். கத்தரிக்கோல் பட்ட இடம் நெளிநெளியாக இருந்தது, கூர்மையே இல்லை. மேடையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து அதன் பக்கத்திலேயே இன்னொரு வெட்டு, சாய்வாகப் போட்டுப் பார்த்தேன்.

“அத வச்சிட்டுச் சாப்பிட வா, தோசை ஆறுது” என்றாள் அம்மா.